பார்க்கத் தெரிந்தவர்கள்

1941ஆம் ஆண்டு. லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசிய காலம். வீடிழந்த குழந்தைகளுக்கும் பெற்றோரைப் பிரிய நேர்ந்த குழந்தைகளுக்குமாக, ஹாம்ஸ்டெட் பகுதியில் உளப்பகுப்பாய்வாளர்களான அன்னா ஃப்ராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் காப்பகங்கள் நடத்தினார்கள். கொதிகலனைப் பார்த்துக்கொள்ளவும் சின்னச் சின்னப் பழுதுகளைச் சரிசெய்யவும் அங்கே ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் வேலைக்குச் சேர்ந்தார். ஸ்காட்லாந்தின் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு இரும்பாலைக்குப் போனவர். ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் தரவில்லை என்று சொல்லிப் போர்ப்பணியை மறுத்தவர்.

அந்தக் காப்பகத்தில் ஒரு விதி இருந்தது. தாதியானாலும் சமையல் செய்பவரானாலும் கொதிகலன்காரரானாலும், குழந்தைகளிடம் கண்டதைச் சிறு அட்டைகளில் எழுதித் தர வேண்டும். யார் அழுதது, எதற்கு முன், எதற்குப் பின், யார் மடியில் போய் உட்கார்ந்தது என்று நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். வாரந்தோறும் அந்த அட்டைகளை வைத்துக்கொண்டு எல்லோரும் கூடிப் பேசினார்கள். ராபர்ட்சனின் மனைவி ஜாய்ஸும் அங்கேதான் பயின்றார். சிறு குழந்தைகளோடு வேலை செய்யப் படிப்பது என்றால் என்னவென்று கேட்பவருக்கு, அந்த அட்டைகளைவிட நல்ல பதில் கிடைப்பது கடினம்.

போர் முடிந்த பிறகு, 1948இல், டாவிஸ்டாக் மருத்துவ மையத்தில் மனநல மருத்துவர் ஜான் பவுல்பி ஓர் ஆய்வைத் தொடங்கினார். தாயைப் பிரியும் சிறு குழந்தைக்கு என்ன நேர்கிறது என்பது அவருடைய கேள்வி. கவனித்து எழுதத் தெரிந்த ஓர் ஆள் தேவைப்பட்டார், ராபர்ட்சனை அமர்த்திக்கொண்டார். ராபர்ட்சன் மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளுக்குப் போய் உட்கார ஆரம்பித்தார்.

அன்றைய பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் பெற்றோர் தம் பிள்ளையைப் பார்க்க வாரத்தில் ஓரிரு மணி நேரமே அனுமதி. சிலவற்றில் அதுவும் கிடையாது. தாய் குழந்தையின் கட்டிலிலேயே ஒண்டிப் படுத்துக்கொள்ளும் நம் ஊர் அரசு மருத்துவமனைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நம்பவே முடியாததாக இருக்கும். அந்த மருத்துவர்களும் தாதியரும் கொடியவர்கள் அல்லர். சேர்த்த அன்று குழந்தை கதறுகிறது, இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடுகிறது, அப்புறம் சொன்ன பேச்சு கேட்கிறது, அம்மா வந்து போனால் மறுபடி அழுகை. ஆகவே அம்மா வராமல் இருப்பதே குழந்தைக்கு நல்லது என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள்.

ராபர்ட்சன் அதே குழந்தைகளைத்தான் பார்த்தார். அவர் கண்ணில் பட்டது வேறு. முதலில் எதிர்ப்பு: கதறல், கம்பியைப் பிடித்து உலுக்குதல், வாசலையே பார்த்திருத்தல். பிறகு நம்பிக்கை இழத்தல்: குழந்தை சத்தமில்லாமல் ஒடுங்கிக் கிடக்கும், இதைத்தான் மற்றவர்கள் ‘பழகிவிட்டது’ என்றார்கள். பிரிவு மேலும் நீண்டால் மூன்றாவது நிலை: யார் வந்தாலும் சிரிக்கும், பொம்மையை வாங்கிக்கொள்ளும், ஆனால் அம்மா வந்தால் அடையாளமே தெரியாததுபோல் திரும்பிக்கொள்ளும். அமைதி என்று எண்ணப்பட்டதற்குள் துயரம் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க நுண்ணோக்கி தேவைப்படவில்லை. ஒரே குழந்தையின் பக்கத்தில் நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பொறுமை தேவைப்பட்டது.

சொன்னால் யாரும் நம்பவில்லை. எனவே ஒரு சிறிய கேமராவை எடுத்துக்கொண்டார். தனக்கு வசதியான குழந்தையைப் பொறுக்கினார் என்ற பேச்சு வரக்கூடாதென்று, காத்திருப்போர் பட்டியலிலிருந்து ஒரு பெயரைக் குருட்டாம்போக்கில் எடுத்தார். லாரா, வயது இரண்டு ஆண்டு ஐந்து மாதம். தொப்புள் குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருக்கப்போகிறவள். தினமும் குறித்த நேரங்களில், சுவர்க் கடிகாரமும் தெரியும்படி படமெடுத்தார். லாரா உரத்து அழுகிற பிள்ளையும் அல்ல. நடுநடுவே அம்மாவைக் கேட்கிறாள், கரடிப் பொம்மையை இறுக்கிக்கொள்கிறாள், முகத்தை இயல்பாக வைத்துக்கொள்ளப் பாடுபடுகிறாள். 1952இல் அந்தப் படம் மருத்துவர்களுக்குத் திரையிடப்பட்டபோது பலர் கொதித்தெழுந்தார்கள். ஆனாலும் வாதம் நகர்ந்தது. மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளைப் பற்றி 1959இல் வெளியான பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையோடு தாயும் தங்க வழி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. பதினான்கு வயதில் பள்ளியை விட்ட ஒருவர் பார்க்கக் கற்றுக்கொண்டதன் பலன் அது.

குழந்தை வளர்ச்சியைப் பாடமாக எடுத்துப் படிக்கும் மாணவருக்கு இன்றும் முதல் பயிற்சி அந்த அட்டைகளின் வழியில்தான் தொடங்குகிறது. ஒரு முன்பருவப் பள்ளியின் மூலையில் உட்காரச் சொல்வார்கள். ஒரே பிள்ளையைப் பத்து நிமிடம் பார்த்து எழுத வேண்டும். ‘இன்றைக்கு அடம் பிடித்தான்’ என்று எழுதினால் அது குறிப்பில் சேராது; அது தீர்ப்பு. ‘கட்டையைக் கேட்டுக் கை நீட்டினான். அந்தப் பையன் தரவில்லை. அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். டீச்சரைத் திரும்பிப் பார்த்தான். டீச்சர் வேறு பக்கம் இருந்தார். பிறகு தரையில் படுத்துக் காலை உதைத்தான்’ என்பது குறிப்பு. இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் அந்த நாலாவது வாக்கியத்தில் இருக்கிறது. அவன் டீச்சரிடம் உதவி கேட்டிருக்கிறான். ‘அடம்’ என்று எழுதியவருக்கு அது தெரியவே தெரியாது. இரண்டரை வயதில் தன் கோபத்தைத் தானே அடக்கிக்கொள்ளும் மூளைப் பகுதிகள் இன்னும் முதிரவில்லை. பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து பேச்சு கொடுப்பதன் மூலமாகவும் அந்தத் திறன் வளர்கிறது. இதைப் புத்தகத்தில் படிப்பது ஒன்று. படுத்து உதைக்கும் பிள்ளைக்கு முன்னால் நினைவுக்குக் கொண்டுவருவது வேறொன்று. பயிற்சி அதற்காகத்தான்.

அடுத்தது வளர்ச்சிப் படிகள். எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்யும் என்ற அறிவு தமிழருக்குப் புதிதல்ல. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்தார்கள். கைகளை ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடும் செங்கீரை ஐந்தாம் மாதத்தில், கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதத்தில், தளர்நடையிட்டு வரும் வாரானை பதின்மூன்றாம் மாதத்தில் என்று மரபு வகுத்துக்கொண்டது. இன்றைய அளவீடுகளோடு வைத்துப் பார்த்தால் இவை பெரிதும் ஒத்துப்போவது வியப்பளிக்கிறது. பாட்டிமாரும் தாய்மாரும் தலைமுறைகளாகக் கண்டதைப் புலவர்கள் வாங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆனால் இந்த மாதத்தில் இது என்று ஒற்றைக் கோடு போட்டால் வீடுகளில் வீண் கவலைதான் பெருகும். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து ஒரு கணக்கு எடுத்தது. பிடிமானமின்றித் தனியே நடப்பது எட்டு மாதத்தைத் தாண்டியதும் நிகழலாம், பதினேழரை மாதம் வரை ஆகலாம், இரண்டுமே இயல்புதான். நூற்றில் நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே எழுந்து நடந்துவிட்டன. பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்துவிட்டதே என்று மறுகும் தாய்க்கு இந்த எண்களைச் சொல்லத் தெரிந்த ஓர் அங்கன்வாடி டீச்சர் பெரிய ஆறுதல்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்’ என்று வீட்டார் தள்ளிப்போட, மூன்று வயதில் செவித்திறன் குறை தெரியவரும் குழந்தைகள் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, எதையும் விரலால் சுட்டிக்காட்டாத ஒன்றரை வயதுக் குழந்தையை உடனே பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். சுட்டிக்காட்டுவது சின்னச் செயலாகத் தெரியும். ஆனால் ‘நான் பார்ப்பதை நீயும் பார்’ என்று இன்னொரு மனத்தை அழைக்கும் செயல் அது. பேச்சுக்கு அதுவே வாசல். திருவனந்தபுரத்தின் குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவான ஒரு வளர்ச்சி அட்டவணை இங்கே குறிப்பிடத்தக்கது. இரண்டு வயது வரைக்கும் மொத்தம் பதினேழே அம்சங்கள். குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைத்து, அதற்கு இடப்பக்கம் உள்ளவற்றில் ஏதாவது வரவில்லையா என்று பார்க்க வேண்டும். சோதிக்கத் தேவையான கருவிகள் ஒரு பேனாவும் ஒரு சாவிக்கொத்தும் மட்டும். அங்கன்வாடிப் பணியாளர் சில நிமிடங்களில் செய்து முடிக்கலாம். நோயை முடிவு செய்வது அவர் வேலையல்ல. நேரத்தோடு கண்டு, அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்புவதே அவர் வேலை. அதைச் செய்துவிட்டாலே ஒரு குழந்தைக்கு ஓராண்டு மிச்சமாகும்.

ஓராண்டுக்கு ஏன் இத்தனை மதிப்பு? பிறக்கும்போது குழந்தையின் மூளை, வளர்ந்தவர் மூளையின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு. இரண்டு வயதில் அது முக்கால் பங்கை எட்டிவிடுகிறது. இந்த வேகத்தில் நரம்பணுக்களுக்கிடையே இணைப்புகள் பெருகுகின்றன. புழக்கத்தில் இருப்பவை உறுதியாகின்றன, இல்லாதவை கழிகின்றன. புழக்கம் என்பது பெரும்பாலும் மனிதர்களோடு நடக்கும் கொடுக்கல் வாங்கல். குழந்தை ‘ங்கா’ என்கிறது, அம்மா அதே ராகத்தில் பதில் சொல்கிறாள், குழந்தை மறுபடி ‘ங்கா’ என்கிறது. 1970களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக் இந்த ஓட்டத்தை வேண்டுமென்றே சிறிது நேரம் நிறுத்திப் பார்த்தார். கொஞ்சிக்கொண்டிருந்த தாய் திடீரென்று முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் குழந்தையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். சில மாதக் குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, கத்துகிறது, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு தளர்ந்துபோகிறது. எல்லாம் ஓரிரு நிமிடத்துக்குள். தாயின் முகம் பழையபடி மலர்ந்ததும் குழந்தையும் மீள்கிறது. பதில் வரும் என்று எதிர்பார்க்க அந்தக் குழந்தை அதற்குள் கற்றுக்கொண்டிருக்கிறது.

அந்தப் பதில் கொடுத்தலைப் பெரியவர்களுக்குச் சொல்லித்தர முடியுமா? வறுமையில் உழலும் வீட்டில், வாரத்துக்கு ஒரு மணி நேரத்தில், முடியுமா? இதற்கான மிக அழுத்தமான சான்று ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்திலிருந்து வருகிறது.

சாலி கிரந்தம்-மெக்ரெகர் என்ற மருத்துவர் அங்கே சத்துக்குறைவுள்ள குழந்தைகளிடையே பல ஆண்டுகள் பணியாற்றியவர். உடல் தேறி வீடு திரும்பும் பிள்ளைகள் மனவளர்ச்சியில் பின்தங்கியே இருப்பது அவரை உறுத்தியது. 1980களின் நடுப்பகுதியில் அவரும் கிறிஸ்டின் பவல், சூசன் வாக்கர் முதலியோரும் ஏழைக் குடியிருப்புகளில், ஒன்பது மாதம் முதல் இரண்டு வயது வரை உள்ள, வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு. ஒன்றுக்கு வாரம் ஒரு முறை வீட்டுக்கு வந்து விளையாடும் சுகாதார உதவியாளர். ஒன்றுக்கு இரண்டும். ஒன்றுக்கு இரண்டும் இல்லை. இது இரண்டு ஆண்டு நடந்தது.

அந்த உதவியாளர்கள் பட்டதாரிகள் அல்லர். அதே ஊர்ப் பெண்கள். சில வாரப் பயிற்சி பெற்றவர்கள். பையில் கொண்டுபோன பொம்மைகள் காலி பிளாஸ்டிக் பாட்டில், அட்டைப்பெட்டி, துணி, மரத்துண்டு ஆகியவற்றால் அவர்களே செய்தவை. தரையில் உட்கார்வார்கள். போன வாரம் என்ன விளையாடினீர்கள் என்று தாயைக் கேட்பார்கள். ஒரு புதிய விளையாட்டைக் காட்டி, பிறகு தாயின் கையில் விட்டுவிடுவார்கள். குளிப்பாட்டும்போதும் சமைக்கும்போதும் பொருள்களின் பெயரைச் சொல்லிப் பேசச் சொல்வார்கள். குழந்தை ஏதாவது செய்துவிட்டால் பாராட்டச் சொல்வார்கள். பொம்மையை வீட்டிலேயே விட்டுவிட்டு, அடுத்த வாரம் வேறொன்றைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்வார்கள். விளையாட்டுகள் குழந்தையின் நிலைக்கேற்ப எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. ஒரு குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து அடுத்ததை எடுப்பதில் இருந்தது திறமை முழுதும்.

இரண்டு ஆண்டு முடிவில் பாலும் உதவியது, விளையாட்டும் உதவியது. இரண்டும் பெற்ற குழந்தைகள், அதே பகுதியின் வளர்ச்சி குன்றாத பிள்ளைகளை அநேகமாக எட்டிப்பிடித்திருந்தார்கள். ஆய்வாளர்கள் அதோடு விடவில்லை. பதினோரு, பன்னிரண்டு வயதில் பார்த்தபோது பால் மட்டும் பெற்றவர்களின் அறிவுத்திற ஆதாயம் தென்படவில்லை. விளையாட்டின் பலன் நிலைத்திருந்தது. பதினெட்டு வயதை ஒட்டிப் பார்த்தபோது விளையாட்டுக் குழுவினரிடம் வாசிப்புத் திறன் கூடுதல், மனச்சோர்வும் பதற்றமும் குறைவு. இருபத்திரண்டு வயதில் அவர்களில் 105 பேரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். சிறுவயதில் வாரம் ஒரு மணி நேரம் விளையாடிய பிள்ளைகளின் வருமானம், அது கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்தது. 2014இல் இது வெளியானபோது பொருளாதார வல்லுநர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

129 என்பது சிறிய எண்ணிக்கைதான். அதனால் இந்த வழிமுறை பல நாடுகளில் மறுபடி சோதிக்கப்பட்டது. ஒடிசாவின் கட்டாக் நகரக் குடிசைப் பகுதிகளில், உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்துப் பதினெட்டு மாதம் வீடுவீடாக அனுப்பியபோது குழந்தைகளின் அறிவு வளர்ச்சி தெளிவாக உயர்ந்தது. கொலம்பியாவில் உயர்ந்தது, ஆனால் இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது மங்கிவிட்டிருந்தது. இந்தக் கொலம்பியச் செய்தியை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆரம்ப வருடங்களில் தடுப்பூசி மாதிரி ஒன்றைப் போட்டுவிட்டால் வாழ்நாள் முழுதும் காக்கும் என்று எண்ணுவது தவறு. பின்னால் வரும் வகுப்பறையும் நன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் வீட்டுக்கு வரும் பெண்ணைக் கூடவே வந்து பார்த்து, தட்டிக்கொடுத்து, திருத்தும் மேற்பார்வையாளரும் வேண்டும். திட்டம் பெரிதாகும்போது முதலில் கழற்றிவிடப்படுவது பெரும்பாலும் அந்த மேற்பார்வையாளர்தான்.

தமிழ்நாட்டிலேயே நடந்த ஆய்வு ஒன்று இதே கேள்வியை அங்கன்வாடியில் வைத்தது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து, கிராமத்து மக்கள் வாயில் இன்றும் பால்வாடியாக இருக்கும் அந்த மையத்தின் டீச்சர் மேல் வேலை குவிந்துகொண்டே வந்திருக்கிறது. சத்துமாவு கொடுக்க வேண்டும், எடை பார்க்க வேண்டும், தடுப்பூசிக்கு அழைத்து வர வேண்டும், கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும், பதிவேடுகள் எழுத வேண்டும். கதையும் பாட்டும் சொல்ல மிஞ்சும் நேரம் கொஞ்சம்தான். கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகியோர் நான்கு மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் பாதியில், கல்விப் பணிக்கென்றே அரைநாள் வேலை செய்யும் ஒருவரை அரசு கூடுதலாக அமர்த்தியது. முன்பருவக் கல்விக்குக் கிடைத்த நேரம் இரட்டிப்பானது. பதினெட்டு மாதத்தில் குழந்தைகளின் மொழியும் எண்ணறிவும் கணிசமாக முன்னேறின. எதிர்பாராத ஒன்றும் நடந்தது: பழைய டீச்சருக்கு உணவிலும் ஆரோக்கியத்திலும் கவனம் செலுத்த நேரம் கிடைத்ததால், அந்த மையங்களில் வளர்ச்சி குன்றலும் கடும் சத்துக்குறைவும் குறைந்தன. ஒரு மனிதரைக் கூட வைத்தார்கள், அவ்வளவுதான். கட்டடம் மாறவில்லை, கணினி வரவில்லை.

இத்தனை பலன் தரும் வேலைக்கு நாடு கொடுக்கும் மதிப்பு போதாது. அங்கன்வாடிப் பணியாளருக்கு ஒன்றிய அரசு வகுத்த தொகைக்குப் பெயரே சம்பளம் இல்லை, மதிப்பூதியம். 2018இல் அது மாதம் 4,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மாநிலங்கள் அதற்கு மேல் சேர்த்துத் தருகின்றன. பணிக்கொடை பெற அவர்களுக்கு உரிமை உண்டு என்பதை 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. மூளை வளர்ச்சியைப் பற்றி மேடையில் பேசுவோர் இந்த எண்ணையும் கூடவே சொல்லிப் பழக வேண்டும்.

இத்துறைக்கு வர நினைப்பவருக்கு வழிகள் பல. முன்பருவக் கல்விக்கென இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்குக் குழந்தைப் பராமரிப்பும் கல்வியும் பற்றிய பட்டயத்தை அஞ்சல் வழியில் நடத்துகிறது. மனையியல் கல்லூரிகளில் மனித வளர்ச்சி பட்டப்பாடமாக உண்டு. வளர்ச்சித் தாமதமும் மாற்றுத்திறனும் உள்ள குழந்தைகளுடன் பணிபுரிய விரும்புவோருக்குச் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பணியில் இருக்கும் அங்கன்வாடியினரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழ், மற்றவர்களுக்கு ஓராண்டுப் பட்டயம் என்று 2020இன் தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. அதைப் பெரும்பாலும் தொலைதூர வழியில், தொலைக்காட்சி, கைப்பேசி மூலமாகவும் நடத்தலாம் என்கிறது. பாடத்தைக் கைப்பேசியில் கேட்கலாம். குழந்தையைக் கைப்பேசியில் கவனிக்க முடியாது.

ஆகவே ஒரு படிப்பில் சேருமுன் கட்டணத்தையும் சான்றிதழின் அங்கீகாரத்தையும் விசாரிப்பதோடு, வேறு சில கேள்விகளையும் கேட்டுவிடுவது நல்லது. குழந்தைகளோடு நேரடியாக இருக்கும் மணிநேரம் எத்தனை? ஒரே குழந்தையைப் பல மாதங்கள் தொடர்ந்து கவனிக்க வாய்ப்பு உண்டா? ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும், பேச்சு தாமதமான குழந்தைகளும் அந்த மையத்துக்கு வருகிறார்களா? பெற்றோரிடம் கடினமான செய்தியைச் சொல்வது எப்படி என்று பழக்குகிறார்களா? மாணவி எழுதிவரும் குறிப்புகளை வாரந்தோறும் வாசித்து, ‘இந்த இடத்தில் நீ பார்த்ததை எழுதியிருக்கிறாய், இந்த இடத்தில் நினைத்ததை எழுதியிருக்கிறாய்’ என்று சிவப்பு மையில் பிரித்துக் காட்டும் ஆசிரியர் ஒருவராவது அங்கே இருக்கிறாரா?